புவனத்தின் கஞ்சியும் என் செங்கமாரியும்

நோயைப் பற்றிச் சொல்வது லேசு. வெட்கத்தைச் சொல்வதுதான் பெரும்பாடு. இரண்டையும் சொன்னால்தான் இதை எழுதுவதில் பிரயோசனம் இருக்கிறது. என் மனைவி நஸீமா மகளுடைய பழைய கொப்பியொன்றைத் தந்து, "எழுதிறதெண்டா முழுக்க எழுதுங்க, அரைவாசிய ஒளிச்சி வைக்காதீங்க. ஒளிச்சி ஒளிச்சித்தானே இந்தப் பாடு பட்டீங்க" என்றாள். சரி, முழுக்க எழுதுகிறேன்.

மருதமுனையில் இருக்கிறேன். கல்முனைக்குப் போகிற வழியில், பாண்டிருப்புச் சந்தியொன்றில் பதினாறு வருஷமாக ஆட்டோ வைத்து ஓடுகிறேன். அதற்கு முன் ஏழு வருஷம் சவூதியில் ட்ரைவர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு கதை ஊரெல்லாம் பரவ வேண்டுமென்றால் என் காதில் போட்டுவிட்டால் போதும் என்று ஸ்டாண்டில் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடியைக் கேட்டு நானும் சிரித்தவன்தான்.

நோய் பிடிபட்டது ஒரு நல்ல காரியத்தால். பள்ளிவாசலில் நடந்த இரத்ததான முகாமில் முதன்முதலாக இரத்தம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து கொஞ்ச நாளில் இரத்த வங்கியிலிருந்து டெலிபோன் கோல் வந்தது. தனியாக வரச் சொன்னார்கள். போனால், இன்னொரு முறை இரத்தம் எடுத்தார்கள். பிறகு கிளினிக்குக்குத் துண்டு தந்தார்கள்.

கிளினிக்கில் இருந்தவர் ஒரு பெண் டொக்டர். என் மூத்த மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். பொறுமையாகச் சொன்னார். ஹெப்படைடிஸ் சி என்று ஒரு வைரஸ். அது ஈரலுக்குள் இருந்து வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். வலி இராது, காய்ச்சல் இராது, அதனால் ஆளுக்குத் தெரியாது. அரித்த இடமெல்லாம் தழும்பாகும். என் ஈரலில் தழும்பு நடுத்தரமாக இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. இரத்தத்தோடு இரத்தம் பட்டால்தான் இது தொற்றும். ஒரே பிளேட்டில் சவரம் செய்வது, சரியாக அவிக்காத ஊசி, பல் பிடுங்குகிற குறடு, இப்படி. சோறு தண்ணியால் வராது, கை கொடுத்தால் வராது, ஒரே கோப்பையில் குடித்தாலும் வராது. இதை அவர் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன். பின்னால் நான் செய்தது தெரியாமல் நடந்த பிழையல்ல என்பதற்காகத்தான் இதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சவூதியில் ஒரு அறையில் எட்டுப் பேர் இருந்தோம், ஒரு ரேசர்தான். அங்கே ஒருவன் எனக்குப் பல்லும் பிடுங்கியிருக்கிறான். "எதெண்டு உறுதியாச் சொல்லேலா" என்றார் டொக்டர். ஊசியால் போதை ஏற்றுகிறவர்களுக்கும் இது வருமாம். அந்த ஒரு சொல்தான் என் மண்டையில் குத்திக்கொண்டு நின்றது. ஊரில் யாருக்காவது தெரிந்தால் ரேசரையா நினைப்பார்கள்? மகளுக்குக் கலியாணப் பேச்சு வேறு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் மருந்து இருக்கிறது. பன்னிரண்டு கிழமை, நாளுக்கு ஒரு குளிசை, அவ்வளவுதான். முடித்தால் அனேகமாகக் கிருமி முற்றாகப் போய்விடும் என்றார் டொக்டர். குளிசையைத் தரும்போது என் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் தமிழில் தன் கையாலேயே எழுதினார். கண் மஞ்சளானால், மூத்திரம் பால் விடாத பிளேன்டி நிறத்துக்குப் போனால், மலம் வெளுத்தால், உடம்பெல்லாம் அரித்தால், பகலில் தூங்கித் தூங்கி விழுந்தால், கிளினிக் நாள் பார்க்காமல் உடனே வரவும். "நீங்களா மருந்த நிப்பாட்டவும் வேணாம், நீங்களா வேற மருந்து சேர்க்கவும் வேணாம். நாட்டு மருந்தோ, தூளோ, எதுவா இருந்தாலும் முதல்ல என்னட்டக் கேளுங்க" என்றார். "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்றேன்.

நஸீமாவிடம் பிரஷர் கிளினிக் என்று சொன்னேன். குளிசைப் போத்தலை ஒரு துணியில் சுற்றி, ஆட்டோவில் சாவிக் குறடு வைக்கிற பெட்டிக்குள் போட்டேன். வெயிலில் அந்தப் பெட்டி எப்படிக் கொதிக்கும் என்று ஆட்டோ ஓடுகிறவனுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு ஸ்டாண்டுக்கு வந்ததும், புவனத்தின் கஞ்சியோடு ஒரு குளிசையை விழுங்குவேன்.

புவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளை, நாங்கள் முஸ்லிம்கள்; எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மேசை போட்டு இலைக்கஞ்சி விற்றாள். புருஷன் கடலுக்குப் போய் முதுகில் அடிபட்டுப் படுத்த பிறகு, வீடு அந்தக் கஞ்சிப் பானையில்தான் ஓடியது. வல்லாரை ஒரு நாள், பொன்னாங்காணி ஒரு நாள், முடக்கொத்தான் ஒரு நாள். கூட ஒரு துண்டு கருப்பட்டி. ட்ரைவர்மார், கந்தோருக்குப் போகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான். என்னை "நானா" என்பாள், நான் "தங்கச்சி" என்பேன். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கஞ்சியால் எனக்குப் புளித்த ஏவறை வந்ததில்லை.

நாலாவது கிழமையில் என் புத்தி பிசகியது. சவூதிக் கூட்டாளி ஒருவன் ஈரலைப் பலப்படுத்துகிற தூள் என்று ஒரு டப்பா தந்தான். இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று தின்றேன். டொக்டரிடம் கேட்கவில்லை. இரண்டு கிழமை போக மூத்திரம் நிறம் மாறியது. வெயிலில் ஓடுகிறேன், தண்ணி குடிக்கிறது போதாது என்று நினைத்தேன். பொய், அப்படி நினைக்க விரும்பினேன். கொப்பியின் பின்மட்டை எனக்கு மனப்பாடம்.

ஒரு காலை ஆட்டோக் கண்ணாடியில் பார்த்தால் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிஷ ஓட்டம். நான் கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டேன். கண் நோய் என்று சொன்னேன். ஸ்டாண்டில் எல்லோரும் என்னைவிட்டு நாலு முழம் தள்ளி நின்றார்கள். மடையன், மடையன். வேறென்ன சொல்ல?

வீட்டில் கண்ணாடியைக் கழற்றத்தானே வேண்டும். நஸீமா முற்றத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே! இது கண் நோயா? இது செங்கமாரி!" என்று கத்தினாள். கத்திவிட்டு எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, வந்தவனிடம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. "எங்க திண்டீங்க?" என்றுதான் கேட்பார்கள். தண்ணியால் பரவுகிற செங்கமாரியும் இருக்கிறது, அதைத்தான் சனம் கண்டிருக்கிறது. அதனால் ஒரு கடையின் பெயரைச் சொல்லும்வரை விடமாட்டார்கள்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நான் எங்க திண்ட? புவனத்திட கஞ்சி மட்டும்தான் வெளிய குடிக்கிற" என்றேன்.

சொன்ன கையோடு எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது. ஆனால் வந்தது.

நஸீமா தன் தம்பிக்குச் சொன்னாள். மச்சான் இர்ஷாத்தும் எங்கள் ஸ்டாண்டில்தான் ஆட்டோ ஓடுகிறான். அவன் காலையில் ஸ்டாண்டுக்குச் சொன்னான். பின்னேரம் நான் போனபோது, "கிணத்துத் தண்ணியாம், பச்சைத் தண்ணியிலதான் கோப்ப கழுவுறாவாம்" என்று என் கதைக்குக் காலும் கையும் முளைத்திருந்தது. ஒருவனுடைய பிள்ளைக்கு இருந்த சாதாரணக் காய்ச்சலும் அதில் சேர்ந்துவிட்டது. "அவங்கட கையில வாங்கிக் குடிச்சா இப்பிடித்தான்" என்று ஒருவன் சொன்னான். அவங்கட என்றால் யாருடைய என்று எல்லோருக்கும் விளங்கியது. ஆறு வருஷம் அந்தக் கையால் வாங்கிக் குடித்த நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் ஒரு வாயைத் திறந்திருந்தால் மூடியிருக்கலாம்.

மூன்றாம் நாள் புவனத்தின் பானை நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்பிப் போனது. பிறகு பீ.எச்.ஐ. வந்தார், சுகாதாரப் பரிசோதகர். கிணற்றுத் தண்ணியை எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை விற்க வேண்டாம் என்றார். மேசை மட்டும் தெருவோரம் கவிழ்ந்து கிடந்தது.

நஸீமா என்னைச் சம்மாந்துறைப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியாரிடம் கூட்டிப்போனாள். அவர் மேல் குற்றமில்லை. "வேற மருந்து ஏதும் எடுக்கிறயளா?" என்று அவரும் கேட்டார். பக்கத்தில் மனைவி. "இல்ல" என்றேன். கீழ்க்காய்நெல்லி அரைத்து ஆட்டுப்பாலில் தந்தார், கசப்பாக ஒரு கசாயமும் தந்தார். அன்றோடு கிளினிக் குளிசையை நிறுத்தினேன். நஸீமா மீனை நிறுத்தினாள், எண்ணெயை நிறுத்தினாள், வெறும் சோற்றைக் குழைத்து ஊட்டாத குறையாகத் தந்தாள். ஓதிய தண்ணீர் தலைமாட்டில் இருந்தது. அவள் பார்த்த ஒவ்வொரு பார்வைக்கும் நான் ஒரு பொய் கடன்பட்டேன்.

ஒன்பதாம் நாள் கால் வீங்கியது. உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரித்து அரித்துத் தோல் கிழிந்தது. ராவில் முழிப்பும் பகலில் தூக்கமுமாக ஆனேன். மகளின் பெயரைக் கேட்டதற்கு உம்மாவின் பெயரைச் சொன்னேனாம். இர்ஷாத்தின் ஆட்டோவில் என்னைத் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வாட்டில் ஒரு இளம் டொக்டர் வந்து பேர் வயது எழுதினார். "கஞ்சிக் கடையில குடிச்சி வந்த, டொக்டர்" என்று அவர் கேட்காமலே நஸீமா சொன்னாள். "ஏதும் மருந்து எடுக்கிறீங்களா? நாட்டு மருந்து?" என்று அவர் என்னைக் கேட்டார். கட்டிலின் இந்தப் பக்கம் நஸீமா, அந்தப் பக்கம் இர்ஷாத். "பரியாரியார்ட கசாயம் மட்டும்" என்றேன். குளிசையையும் தூளையும் சொல்லவில்லை. உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் ஒருவன் மானத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பான் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் என்று ஒரு மஞ்சள் சாயம் எல்லோர் உடம்பிலும் உண்டாகிறதாம். ஈரல்தான் அதைக் கழித்து வெளியே அனுப்ப வேண்டும். ஈரல் சோர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரியும். செங்கமாரி ஒரு நோயல்ல, ஈரல் அடிக்கிற மணி என்று பிறகு கிளினிக் டொக்டர் சொன்னார். எனக்கு அது நெடுகப் பத்து மடங்குக்கு மேலே ஏறி நின்றது. இரத்தம் உறைகிற நேரமும் பார்த்தார்கள், அதுவும் பிழை. காலையில் நேர்ஸ் மிஸ்ஸி வந்து, "ரெண்டு கையையும் நீட்டிப் பிடிங்க" என்பார். கை நடுங்கினால் ஈரலின் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது என்று அர்த்தம். எனக்கு நடுங்கியது. பேதிக்குத் தருகிற மாதிரி இனிப்பாக ஒரு பாணியைக் குடிக்கத் தந்தார்கள், அது அந்த நஞ்சை வெளியே தள்ளும்.

இரண்டாம் நாள் பகல், நோயாளி பார்க்கிற நேரம், வாட்டின் வாசலில் புவனம் நின்றாள்.

கையில் இரண்டு செவ்விளநீர். இர்ஷாத் எழும்பி நெஞ்சை நிமிர்த்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கட்டிலடிக்கு வந்து, "நானா, எப்பிடி இரிக்கி?" என்றாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நான் தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சித்தான் காய்ச்சிற நானா. கோப்பையும் சுடுதண்ணியிலதான். எங்க பிழைச்சதெண்டு எனக்குத் தெரியல்ல. என்ர கஞ்சியாலதான் வந்ததெண்டா மன்னிச்சிக்கொள்ளுங்க. ரெண்டு நாளா நான் சோறு திங்கல்ல."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! வாட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல், "நீ இல்ல தங்கச்சி" என்ற அந்தச் சொல், தொண்டைவரைக்கும் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிற மாதிரி. அவள் இளநீரைக் கட்டிலடி லொக்கருக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். இர்ஷாத் அதை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பை வாளியில் போட்டான். அதையும் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் வாழ்க்கையில் செய்த பாவங்களை நிறுத்துப் பார்த்தால் அந்தக் கண் மூடலுக்குத்தான் பாரம் கூட.

அடுத்த நாள் காலை கிளினிக் டொக்டர் வாட்டுக்கு வந்தார். ஏ வகைச் செங்கமாரிக்குப் பார்த்த இரத்தத்தில் அது இல்லை, பி வகையும் இல்லை, பித்தக் கல்லும் இல்லை என்று இளம் டொக்டர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், கட்டிலில் தொங்கிய பேரைப் பார்த்தார். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நஸீமாவிடம், "நீங்க போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார். அவள் போனதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தின நாள் குளிச போடல்ல?"

"பத்து, பதினொண்டு."

"வேற என்ன எடுத்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். தூள், கசாயம், கறுப்புக் கண்ணாடி, கஞ்சி. கஞ்சிக் கதையைச் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்தினார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

"கண் மஞ்சளான அண்டைக்கே வந்திருந்தா, தூள மட்டும் நிப்பாட்டி, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ரத்தம் பார்த்து, வீட்டிலயே வச்சிச் சுகமாக்கியிருப்பன்" என்றார். "தூளாலதான் எண்டு நூற்றுக்கு நூறு சொல்லேலா. ஆனா அதுதான் எண்டு நினைக்கிறன். தழும்பு விழுந்த ஈரல் இது, அதுக்கு மேல கசாயமும் போயிருக்கு. உங்கட நோய நான் யாருக்கும் சொல்ல மாட்டன். அது உங்கட விஷயம். ஆனா அந்தக் கஞ்சிக்காரம்மாட விஷயம் உங்கட விஷயம் மட்டும் இல்ல."

நஸீமா தேத்தண்ணியோடு வந்தபோது சொன்னேன். முதலில் கிருமியைச் சொன்னேன். அவள் அழுதாள், "இதையா என்னட்ட மறைச்சீங்க? நான் ஆரு ஒங்களுக்கு?" என்று என் கால் பக்கத்தில் உட்கார்ந்து அரிக்கிற உள்ளங்காலைத் தடவிவிட்டாள். பிறகு கஞ்சியைச் சொன்னேன். தடவிய கை நின்றது.

"அப்ப அந்தப் பொம்புள?"

நான் இளநீர் இருந்த லொக்கரைப் பார்த்தேன்.

"நான்தானே இர்ஷாத்துக்குச் சொன்ன. என்ட வாயாலதானே சொன்ன. நீங்க செஞ்ச பாவத்தில என்னையும் கூட்டுச் சேர்த்துட்டீங்களே" என்றாள். அந்த நாள் முழுக்க அவள் எனக்குச் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தாள், ஒரு சொல்லும் பேசாமல்.

பதினேழு நாள் வாட்டில் இருந்தேன். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. கொழும்பில் உள்ள பெரிய டொக்டரோடு கதைத்துவிட்டு, ஈரல் தெளிந்த பிறகு குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள், புதுப் போத்தலில். நஸீமாவுக்கும் பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்தார்கள், அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் இல்லை. என் நோயை மகளே மாப்பிள்ளையிடம் நேரே சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் விலகவில்லை. இத்தனைக்கும் பயந்த விஷயம் அதுதான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நஸீமாவைக் கூட்டிக்கொண்டு புவனத்தின் வீட்டுக்குப் போனேன். தண்ணீரின் முடிவு வந்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் யார் வாங்குவது? அவள் கிழிந்த வலை பொத்துகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முற்றத்தில் நின்று சொன்னேன். அவள் புருஷன் உள்ளே கட்டிலில் கிடந்தபடி தூஷணத்தால் ஏசினான், எல்லாம் எனக்குப் பொருத்தமான ஏச்சு. புவனம் கடைசிவரை கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நான் வந்த நேரம் நீங்க முழிச்சித்தானே இருந்தீங்க?" என்றாள்.

"ஓம்."

"எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்கிட்டச் சொல்லி என்ன நானா? என்ர கஞ்சியைப் பற்றி எனக்குத் தெரியாதா? கதை பரவின இடத்தில போய்ச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போனேன். ஸ்டாண்டில் எல்லோரும் நிற்கிற நேரம் பார்த்துச் சொன்னேன். எனக்கு ஹெப்படைடிஸ் சி, இரத்தத்தால் வந்தது, மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது தேவையில்லாத தூளைத் தின்று ஈரலைக் கெடுத்தேன், கஞ்சி என்று சொன்னது பச்சைப் பொய். இர்ஷாத் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒருவன் நான் குடித்து வைத்த தண்ணீர்ப் போத்தலைக் காலால் தள்ளினான். ஒரு வயதான ட்ரைவர் மட்டும், "சொல்லிட்டாய் தானே, இரி" என்றார். ஒரு கிழமை கழித்துப் புவனம் மேசையைத் திரும்பப் போட்டாள். பழைய கூட்டத்தில் பாதிகூட வரவில்லை.

குளிசை முடிந்து மூன்று மாதத்தில் கடைசிப் பரிசோதனை. "கிருமி இல்ல, முடிஞ்சுது" என்று டொக்டர் சிரித்தார். தழும்பு இருக்கிறபடியால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் மட்டும் பார்க்க வேண்டும். சந்தோசமாக ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு உம்மா பேரப்பிள்ளையோடு ஏறினார். சந்தியைத் தாண்டும்போது பிள்ளை கஞ்சிப் பானையைக் கண்டு கேட்டது. அவர் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அது குடிக்கக் கூடா மகன். அதக் குடிச்சி ஒரு ஆட்டோக்காரன் செங்கமாரி வந்து மௌத்தாப் போனானாம்."

ஆட்டோவை ஓரம் கட்டினேன். திரும்பி உட்கார்ந்து, "உம்மா, அவன் மௌத்தாகல்ல, உயிரோடதான் இரிக்கான். அது நான்தான். எனக்குக் கஞ்சியால வரல்ல, ஊர்ப்பேச்சுக்குப் பயந்து நான் சொன்ன பொய் அது" என்றேன்.

அவர் என் கண்ணையே பார்த்தார். பிறகு பிள்ளையை இறக்கிக்கொண்டு, "நான் இதில இருந்து நடந்து போறன் மகன்" என்றார். வீட்டுக்கு இன்னும் அரை மைல் இருந்தது. கஞ்சி மேசைப் பக்கமும் அவர் போகவில்லை.

கொஞ்சத் தூரத்தில் ஒரு இளந்தாரி கை காட்டி ஏறினான். எங்கே போக வேண்டும் என்று அவன் சொல்வதற்கு முதலே நான் தொடங்கினேன்: "தம்பி, நம்மட சந்திக் கஞ்சியப் பத்தி ஒரு கதை கேள்விப்பட்டிருப்பாய்..."